கார் டயர் வாங்கப் போறீங்களா, முதல்ல குனிஞ்சு அதோட ஜாதகத்தைப் படிங்க

போன வருஷம் என் மச்சினன் ஒரு செகண்ட் ஹேண்ட் ஸ்விஃப்ட் எடுத்தான். எடுத்த அன்னைக்கே போன் போட்டு, "மாமா, நாலு டயரும் புதுசு மாதிரி இருக்கு, பட்டன் அப்படியே நிக்குது, இன்னும் மூணு வருஷத்துக்கு டயர் செலவே கிடையாது"ன்னு ஒரே சந்தோஷம். ஞாயித்துக்கெழமை வீட்டுக்கு வந்தான், கறிச்சோறு சாப்பிட்டு முடிச்சுட்டு வெளிய போயி குனிஞ்சு பாத்தேன். டயர் கருகருன்னு பாலிஷ் போட்டு மினுக்குது, ஆனா ரிம்முக்குப் பக்கத்துல ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள்ள 3813-ன்னு போட்டிருக்கு. 2013-ம் வருஷம் 38-வது வாரம் செஞ்ச டயர். வண்டி பாதி நாள் ஷெட்டுலயே நின்னதால பட்டன், அதான் ரோட்டுல படற ரப்பர் கட்டைங்க, தேயல, ஆனா ரப்பர் கெழடு தட்டிப் போச்சு, துணியை வெச்சு பாலிஷைத் தொடச்சுட்டுப் பாத்தா கோடைல வெடிச்ச வயக்காடு மாதிரி பொடிப்பொடியா கீறல். அந்த டயரோடதான் அவன் அடுத்த வாரம் குடும்பத்தோட திருச்செந்தூர் போறதா இருந்தான்.

அவனுக்கு அன்னைக்கு உக்காந்து சொன்னதையெல்லாம்தான் இங்க எழுதறேன். புதுசா கார் எடுத்தவங்க டயர்னதும் முதல்ல கேக்கறது எந்த பிராண்ட் நல்லதுங்கறதுதான். என்னைக் கேட்டா அதுதான் கடைசியா கேக்க வேண்டியது. சைஸ், தேதி, காத்து, இந்த மூணும் சரியா இருந்தா சுமாரான டயர்கூட ஒழுங்கா ஓடும், இதுல ஒண்ணு சொதப்புனாலும் எவ்ளோ காசு கொட்டி வாங்குன டயரும் பாதியில படுத்துரும்.

முதல்ல சைடுல எழுதியிருக்கறதைப் படிங்க

ஸ்விஃப்ட்டோட கீழ் வேரியன்ட்டை எடுத்துக்குவோம், 165/80 ஆர்14 85டி-ன்னு டயர்ல இருக்கும். 165ங்கறது டயரோட அகலம், மில்லிமீட்டர்ல. 80ங்கறதை உயரம்னு நெனச்சுராதீங்க, அது சதவீதம், அந்த 165-ல 80 சதவீதம், அதாவது 132 மில்லிமீட்டர், ரிம்முலேருந்து ரோடு வரைக்கும் இருக்கற ரப்பர் சுவரோட உயரம் அதான். ஆர்-னா ரேடியல், இன்னைக்கு கார்ல வர்றதெல்லாம் அதான். 14 ரிம்மோட சைஸ், இஞ்சுல. ஒரே டயருக்குள்ள மில்லிமீட்டர், சதவீதம், இஞ்சுன்னு மூணு கணக்கை எவன் போட்டான்னு தெரியல, ஆனா உலகம் பூரா இப்படித்தான்.

கடைசில இருக்கற 85டி-யைத்தான் யாருமே பாக்கறதில்ல. 85ங்கறது 85 கிலோ இல்ல, அது ஒரு கோடு நம்பர், ஒரு டயர் 515 கிலோ தாங்கும்னு அர்த்தம். 82-ன்னா 475 கிலோ, 88-ன்னா 560 கிலோ. பக்கத்துல இருக்கற எழுத்து வேகத்துக்கு: எஸ் 180 கிலோமீட்டர், டி 190, ஹெச் 210, வி 240. நாம யாரும் 190-ல பறக்கப் போறதில்லதான், ஆனா அந்த எழுத்து டயர் எவ்ளோ சூடு தாங்கும்ங்கறதுக்கும் ஒரு அளவு, அதனால கம்பெனி போட்டுக் குடுத்ததைவிட மேல போகலாம், கீழ மட்டும் எறங்கக் கூடாது. டாக்ஸிக்குப் போடற மட்டமான டயரை விலை கம்மியா இருக்கேன்னு வாங்கறவங்க அனேகமா இங்கதான் மாட்டுவாங்க.

அடுத்து தேதி. டாட் (DOT)-னு ஆரம்பிச்சு நீளமா எழுத்தும் நம்பருமா ஒரு வரி போகும், அதோட கடைசி நாலு நம்பர்தான் தேதி, முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். 2324-ன்னா 2024-ல 23-வது வாரம், ஜூன் மாசம். சில டயர்ல இது ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும், அந்தப் பக்கம் வண்டிக்கு உள்ள திரும்பியிருந்தா கண்ணுக்குத் தெரியாது, போன்ல டார்ச்சைப் போட்டு வீடியோ ஆன் பண்ணி வண்டிக்கு அடியில நீட்டுங்க, அப்புறம் நிறுத்தி நிறுத்திப் பாத்துக்கலாம். கூடவே ஐஎஸ்ஐ முத்திரை, அதுக்கு மேல 15633-ங்கற நம்பர் இருக்கான்னும் பாருங்க, கார் டயருக்கான ஐஎஸ் நம்பர் அதான்.

மாத்தணுமா, இன்னும் ஓடுமா

பட்டன் ஆழம், வயசு, காயம், மூணையும் தனித்தனியா பாக்கணும். ஒண்ணு ஃபெயில்னாலும் ஃபெயில்தான்.

புது கார் டயர்ல பட்டன் ஆழம் பெரும்பாலும் 7, 8 மில்லிமீட்டர் இருக்கும். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் வரைக்கும் ஓட்டலாம். அதை அளக்க ஸ்கேல் எல்லாம் வேணாம், டயரோட தோள்ல டிடபிள்யூஐ (TWI)-ன்னோ ஒரு சின்ன முக்கோணமோ போட்டிருக்கும், அதுக்கு நேரா பள்ளத்துக்குள்ள விரலை விட்டா ஒரு சின்ன மேடு தட்டுப்படும். பட்டன் தேஞ்சு தேஞ்சு அந்த மேட்டோட சமமா வந்துருச்சுன்னா டயர் முடிஞ்சுது. ஆனா நான் அதுவரைக்கும் போக மாட்டேன், 3 மில்லிமீட்டர் கிட்ட வந்துட்டா அடுத்த ஐப்பசி மழைக்கு முன்னாடி மாத்திருவேன், ஏன்னா அந்தப் பள்ளமெல்லாம் அழகுக்கு இல்ல, ரோட்டுல நிக்கற தண்ணியை வாரி வெளிய தள்றதுக்குத்தான். பள்ளம் ஆழமில்லன்னா தண்ணி போக எடமில்லாம டயரே தண்ணி மேல மெதக்கும், ஸ்டீரிங் திடீர்னு வெண்ணெய் மாதிரி லேசாயிரும், பிரேக் போட்டாலும் ஒண்ணும் நடக்காது. அக்டோபர்லேருந்து டிசம்பர் வரைக்கும் நம்ம ஹைவேல ராத்திரி மழையில ஓட்டுனவங்களுக்கு நான் சொல்றது புரியும்.

இதுல ஒரு திருட்டு வேலையும் நடக்குது. தேஞ்ச மொட்டை டயர்ல சூடு பண்ண பிளேடை வெச்சு புதுசா பள்ளம் வெட்டி, பாலிஷ் போட்டு, "நல்ல கண்டிஷன் செகண்ட்ஸ்"னு விக்கறாங்க. சில லாரி டயருக்கு அப்படி வெட்டறதுக்குன்னே ரப்பர் விட்டுச் செஞ்சிருப்பாங்க, கார் டயருக்கு அது கெடையாது, வெட்டுனா உள்ள இருக்கற கம்பி வலைக்கு மேல தாள் கனத்துக்குத்தான் ரப்பர் மிஞ்சும். பள்ளத்துக்குள்ள அந்த மேட்டையே காணோம்னா அது வெட்டுன டயர்னு சந்தேகப்படுங்க.

வயசு. 5 வருஷம் தாண்டிட்டா வருஷத்துக்கு ஒருதரம் கடைக்காரர்கிட்ட கழட்டிக் காட்டணும், 10 வருஷம் ஆயிட்டா பட்டன் முழுசா இருந்தாலும் தூக்கிப் போட்டுரணும், ஸ்டெப்னியா இருந்தாலும் சரி. நம்ம ஊரு வெயிலுக்கு நான் 6, 7 வருஷத்துலயே மாத்தற ஆளு. காயம்னா, சுவர்ல பலூன் மாதிரி புடைச்சிருக்கறதுதான் மோசமான காயம், பள்ளத்துல டமார்னு எறங்குனதுல உள்ள நூல் அறுந்து காத்து வெளிய தள்ளிக்கிட்டு நிக்குதுன்னு அர்த்தம், அது எப்ப வேணா வெடிக்கும், அதுக்கு ஒட்டு வேலையே கெடையாது. சின்னதா இருக்கு, அடுத்த சம்பளத்துல பாத்துக்கலாம்னு தள்ளிப் போடாதீங்க.

தேய்மானம் எந்த எடத்துலங்கறதையும் கவனிங்க. நடுவுல மட்டும் தேஞ்சிருந்தா காத்து அதிகமா வெச்சு ஓட்டியிருக்கீங்க, ரெண்டு ஓரமும் தேஞ்சிருந்தா காத்து கம்மி, ஒரு ஓரம் மட்டும்னா அலைன்மென்ட், அதாவது சக்கரம் நிக்கற கோணம், போச்சு, அங்கங்க குழிகுழியா தேஞ்சிருந்தா ஷாக் அப்சார்பரைப் பாக்கச் சொல்லுங்க. காரணத்தைச் சரி பண்ணாம புது டயர் மாட்டுனா அதுவும் அதே மாதிரிதான் தேயும்.

எந்த டயர்

சைஸ் மாத்தாதீங்க. புதுசா ஓட்டறவங்களுக்கு என் யோசனை இவ்ளோதான். அகல டயர் போட்டா கிரிப் கூடும்னு ஃப்ரெண்டு சொல்வான், கொஞ்சம் கூடும்தான், ஆனா ஸ்டீரிங் கனமாகும், மைலேஜ் அடி வாங்கும், சில வண்டில முழுசா ஸ்டீரிங் ஒடிக்கும்போது உள்ள உரசும். ஆசையை அடக்க முடியலன்னா ஒரு கணக்கு மட்டும் போட்டுக்கங்க, டயரோட மொத்த உயரம் பழசுக்கும் புதுசுக்கும் 2, 3 சதவீதத்துக்கு மேல மாறக் கூடாது, இல்லன்னா ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும், பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கற ஏபிஎஸ்ஸும் குழம்பும். 165/80 ஆர்14-க்கு சுவர் 132, மேலயும் கீழயும் சேத்து 264, ரிம்மு 14 இஞ்சு அதாவது 355.6, மொத்தம் 619.6 மில்லிமீட்டர். அதே ஸ்விஃப்ட்டோட மேல் வேரியன்ட்ல வர்ற 185/65 ஆர்15-க்கு இதே கணக்கைப் போட்டா 621.5 வரும். பாத்தீங்களா, கம்பெனிக்காரனே ரிம்மைப் பெருசாக்கும்போது ரப்பரைக் கொறச்சு மொத்த உயரத்தை அசையாம வெச்சிருக்கான். உங்களுக்கு அந்த ரிம்மே வேணும்னா உங்க மாடலோட மேல் வேரியன்ட்ல வர்ற சைஸை எடுங்க, அதைத் தாண்டிப் போகாதீங்க.

அப்புறம் பிராண்டு. எம்ஆர்எஃப், அப்போலோ, சியட், ஜேகே, பிரிட்ஜ்ஸ்டோன், குட்இயர், யோகோஹாமா, மிச்செலின், எல்லார்கிட்டயும் நல்ல டயரும் இருக்கு, சுமாரான டயரும் இருக்கு. அதனால கம்பெனி பேரைச் சொல்லிக் கேக்காம, உங்க ஓட்டம் என்னன்னு சொல்லிக் கேளுங்க. டவுனுக்குள்ள, மேடு பள்ளம், வருஷத்துக்கு 8,000 கிலோமீட்டர்னா சுவர் கெட்டியா, அடி தாங்கற டயர் போதும். வாராவாரம் சென்னை திருச்சின்னு ஹைவே ஓட்டம்னா ஈர ரோட்டுல கிரிப்பும் சத்தமில்லாம ஓடறதும் முக்கியம், அந்த டயர் ரப்பர் கொஞ்சம் மெத்துனு இருக்கும், சீக்கிரம் தேயும். லட்சம் கிலோமீட்டர் ஓடணும், மழையில கல்லு மாதிரி நிக்கணும், சத்தமும் வரக் கூடாதுன்னா அப்படி ஒரு டயரை இன்னும் யாரும் செய்யல. இன்னொண்ணு, புது வண்டியோட வர்ற டயரை கார் கம்பெனி மைலேஜ் நம்பரையும் மனசுல வெச்சுத்தான் தேர்ந்தெடுக்கும், அதனால அதே மாடலைத்தான் திரும்ப வாங்கணும்னு ஒரு கட்டாயமும் இல்ல.

கடையில நிக்கும்போது

மூணு கடைல வெலை கேளுங்க. கேக்கும்போது "டயர் எவ்ளோ"ன்னு கேக்காதீங்க, "மாட்டி, புது வால்வு போட்டு, பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் சேத்து எவ்ளோ"ன்னு கேளுங்க, அப்பதான் உண்மையான வெலை வரும். 2025 செப்டம்பர் 22-லேருந்து புது டயருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்துலேருந்து 18-ஆ கொறைஞ்சிருச்சு, பில்லுல அது 18-ஆ இருக்கான்னு பாத்துக்கங்க. பில்லு இல்லாம வாங்குனா வாரன்ட்டி கேக்கும்போது கையைப் பெசஞ்சுக்கிட்டு நிக்கணும்.

டயரை மாட்டறதுக்கு முன்னாடியே தேதியைப் பாருங்க, மாட்டி ரிம்முல ஏத்துனதுக்கு அப்புறம் சண்டை போட முடியாது. நான் 6 மாசத்துக்குள்ள செஞ்சதா கேப்பேன், ஒரு வருஷம் வரைக்கும் பரவாயில்ல, அதுக்கு மேலன்னா வேணாம்னு சொல்லிருவேன். 1946-ல மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூர்ல பலூன் செய்ய ஆரம்பிச்ச கம்பெனிதான் இன்னைக்கு எம்ஆர்எஃப், ஒரகடத்துல அப்போலோ இருக்கு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜேகேயும் சியட்டும் இருக்கு, இப்படி நம்ம வாசல்லயே டயர் செய்யறாங்க, அப்படியும் ஒரு கடைல எனக்கு ரெண்டு வருஷப் பழசை எடுத்து நீட்டி "ஃப்ரெஷ் ஸ்டாக் சார்"னாரு. நம்பரைக் காட்டினதும் சிரிச்சுட்டு உள்ள போயி வேற எடுத்துட்டு வந்தாரு, அவ்ளோதான் விஷயம், கேட்டா குடுப்பாங்க.

ரெண்டு டயர் மட்டும் மாத்தறதா இருந்தா புதுசு ரெண்டையும் பின்னாடி போடச் சொல்லுங்க. கடைக்காரரே "இன்ஜின் முன்னாடி, இழுக்கறது முன்னாடி, புதுசை முன்னாடி போடுவோம்"பாரு. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நெனச்சேன். ஆனா ஈர ரோட்டுல முன் டயர் வழுக்குனா வண்டி திரும்பாம நேரா போகும், ஆக்சிலேட்டரை விட்டா பெரும்பாலும் புடிமானம் திரும்ப வந்துரும், பின் டயர் வழுக்குனா வண்டி பம்பரம் மாதிரி சுத்திரும், அதைப் புதுசா ஓட்டறவங்க யாராலயும் சமாளிக்க முடியாது. நல்ல டயர் பின்னாடி இருக்கட்டும். ஒரே ஆக்ஸில்ல ரெண்டு பக்கமும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஏறக்குறைய ஒரே தேய்மானம் இருக்கணும்ங்கறதையும் விடாதீங்க. ஒரு டயர் மட்டும் வீணாயிருச்சு, ஸ்டெப்னி அதே மாடல்ல ஓடாம இருக்குன்னா, வயசு பாத்துட்டு ஸ்டெப்னியை எறக்கி கூட ஒண்ணு மட்டும் புதுசு வாங்குங்க, செலவு பாதியா போகும்.

மாட்டும்போது பக்கத்துலயே நில்லுங்க. டயர்ல ரொட்டேஷன்னு அம்புக்குறி போட்டிருந்தா வண்டி முன்னாடி போகும்போது அந்தத் திசைல சுத்தணும், அவுட்சைட்னு எழுதியிருந்தா அந்தப் பக்கம் வெளிய தெரியணும். அவசரத்துல பையன் மாத்தி மாட்டிருவான், பாவம், அவனுக்கு வெளிய பத்து வண்டி நிக்குது. நட்டை கன் வெச்சு டர்ருனு முடுக்கி அப்படியே அனுப்பிருவாங்க, கடைசியா கையால ஸ்பேனர் போட்டு குறுக்கு குறுக்கா ஒருதரம் முடுக்கச் சொல்லுங்க, 100 கிலோமீட்டர் ஓடுனதுக்கு அப்புறம் நீங்களே ஒருதரம் செக் பண்ணுங்க. புது டயர் மேல அச்சுல ஒட்டாம இருக்கறதுக்குப் பூசுன வழுவழுப்பு கொஞ்சம் இருக்கும், முதல் 200 கிலோமீட்டருக்கு வளைவுலயும் பிரேக்குலயும் அடக்கி வாசிங்க.

பழைய டயரை ஞாபகமா வீட்டுக்குக் கொண்டு வந்து மொட்டை மாடில போடாதீங்க. ஒரு மழை பேஞ்சா போதும், உள்ள நிக்கற தண்ணில டெங்கு கொசு முட்டை போட்டுரும். கடைலயே எக்ஸ்சேஞ்சுல கழிச்சுட்டு வாங்க.

காத்து

இதுதான் எல்லாத்தையும்விட முக்கியம், இதைத்தான் எல்லாரும் அசால்ட்டா விடறாங்க.

எவ்ளோ காத்துங்கறது டிரைவர் கதவைத் தொறந்தா அந்தத் தூண்ல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல இருக்கும், சில வண்டில பெட்ரோல் டேங்க் மூடிக்கு உள்பக்கம். பெரும்பாலான சின்ன கார்களுக்கு 30-லேருந்து 36 பிஎஸ்ஐக்குள்ள (பங்க்ல பாயின்ட்னு சொல்ற காத்தழுத்த அளவு) வரும், ரெண்டு பேர் போனா ஒரு நம்பர், அஞ்சு பேர் லக்கேஜோட போனா இன்னொரு நம்பர்னு தனித்தனியா போட்டிருக்கும். டயர் சுவர்லயே 44, 51-னு ஒரு நம்பர் பாத்துட்டு அதை அடிக்கச் சொல்ற ஆளுங்களும் இருக்காங்க, அது அந்த டயர் தாங்கற உச்சம், உங்க வண்டிக்கு வைக்க வேண்டிய அளவு இல்ல.

டயர் ஆறியிருக்கும்போது பாக்கணும். காலைல எடுத்த உடனே, இல்ல ரெண்டு மூணு கிலோமீட்டருக்குள்ள இருக்கற பங்க்ல. ஓடுனா உள்ள காத்து சூடேறி விரியும், 10 டிகிரி ஏறுனா சுமாரா ஒன்றரையிலேருந்து 2 பிஎஸ்ஐ ஏறும், அந்த ஏத்தத்தையும் கணக்குல வெச்சுத்தான் ஸ்டிக்கர் நம்பரையே போட்டிருக்காங்க. இங்கதான் நம்ம ஊரோட பெரிய மூடநம்பிக்கை வருது: "வெயில் காலம், காத்து ஏறிக்கும், 4 பாயின்ட் கம்மியா வை". நல்லது செய்யறதா நெனச்சு செய்யற கெடுதல் இது. காத்து கம்மியான டயர் ஒவ்வொரு சுத்துக்கும் சுவர் நசுங்கி நிமிர்ந்து நசுங்கி நிமிர்ந்து போகும், ஒரு கம்பியை மடக்கி நிமித்திக்கிட்டே இருந்தா சூடேறுமே அதே மாதிரி சுவர் கொதிக்கும், மே மாசத்துத் தார் ரோடு, உள்ள அஞ்சு பேர், மேல லக்கேஜ், 110 வேகம், ரெண்டு மணி நேரம், அப்புறம் ரப்பர் உள்ள இருக்கற கம்பி வலைலேருந்து பிரிஞ்சு டமார். ஹைவேல டயர் வெடிச்சதுன்னா எல்லாரும் காத்து ஜாஸ்தியாயிருக்கும்னு சொல்வாங்க, நெறைய நேரம் கதை நேர் எதிர். ஸ்டிக்கர்ல என்ன இருக்கோ அதை வெயில், மழை எல்லாத்துக்கும் ஆறின டயர்ல வைங்க. வழில டீக்கடைல நிறுத்தி தொட்டுப் பாத்து சூடா இருக்குன்னு காத்தை எறக்கி விடவே விடாதீங்க.

நைட்ரஜன் அடிக்கலாமான்னு கேப்பீங்க. சாதா காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். தனியா நைட்ரஜன் அடிச்சா ஈரப்பதம் இருக்காது, கொஞ்சம் மெதுவா எறங்கும், அவ்ளோதான். ஓசில அடிச்சா அடிச்சுக்கங்க, நைட்ரஜன் கடை கெடைக்கலன்னு கம்மிக் காத்துல 200 கிலோமீட்டர் ஓட்டாதீங்க, நைட்ரஜனுக்கு அடையாளமா பச்சை மூடி போட்ட டயர்ல சாதா காத்து கலந்தா ஒண்ணும் ஆகாது.

பெட்ரோல் பங்க்ல காத்து இலவசமா அடிக்கணும்ங்கறது விதி, ஆனா அங்க இருக்கற மீட்டரை முழுசா நம்ப முடியாது. சிகரெட் லைட்டர்ல சொருகற ஒரு சின்ன ஏர் பம்ப் வாங்கி டிக்கில போட்டுருங்க, டயருக்குன்னு வாங்கற பொருள்லயே இதான் ஒழுங்கா காசுக்கு வேலை செய்யறது. 15 நாளைக்கு ஒருதரம், நீண்ட பயணத்துக்கு முதநாள் ஒருதரம். ஒரு டயர் மட்டும் திரும்பத் திரும்ப 3, 4 பாயின்ட் எறங்குனா ஆணி, வால்வு, ரிம் ஓரம் இந்த மூணுல ஒண்ணு, சோப்புத் தண்ணியைத் தடவிப் பாருங்க, நொரை வர்ற எடத்துல இருக்கு கோளாறு.

அலைன்மென்ட், பேலன்சிங், மாத்திப் போடறது

ஸ்டீரிங்கைக் கொஞ்சம் விட்டா வண்டி ஒரு பக்கம் இழுத்தா முதல்ல காத்தைப் பாருங்க, அது சரின்னா அலைன்மென்ட். 80, 90 வேகத்துல ஸ்டீரிங் நடுங்குனா பேலன்சிங், ரிம்மு ஓரத்துல சின்னச் சின்ன ஈயக் கட்டி மாதிரி வெயிட் அடிச்சு சரி பண்ணுவாங்க. அலாய்னா ஒட்டற வெயிட், சில கடைல கிராம் கணக்குல காசு, அதனால பழைய வெயிட்டை எடுத்துட்டு முதல்லேருந்து பண்ணுங்கன்னு சொல்லுங்க.

அலைன்மென்ட்டை 10,000 கிலோமீட்டருக்கு ஒருதரம் பாத்தா போதும், கூடவே பெரிய பள்ளத்துல எறங்குன அன்னைக்கு ஒருதரம். சரி பண்றதுக்கு முன்னாடி ஒண்ணு, பண்ணதுக்கு அப்புறம் ஒண்ணுன்னு ரெண்டு பிரின்ட்டும் கேட்டு வாங்கிக்கங்க. புதுசா வர்றவங்களைப் பாத்து "கேம்பர் அவுட் ஆயிருச்சு சார், மெஷின் வெச்சு பெண்டு எடுக்கணும்"னு ஆரம்பிப்பாங்க. கேம்பர்னா முன்னாடியிருந்து பாத்தா சக்கரம் உள்ளயோ வெளியயோ சாஞ்சிருக்கற சாய்வு, டோ-ன்னா மேலேருந்து பாத்தா சக்கரம் உள்ளயோ வெளியயோ திரும்பியிருக்கற அளவு. நெறைய சின்ன கார்ல கம்பெனியே டோவை மட்டும்தான் அட்ஜஸ்ட் பண்ற மாதிரி வெச்சிருக்கு, கேம்பருக்குன்னு திருகற எடமே கெடையாது, அதை ஜாக்கி மாதிரி ஒண்ணை வெச்சு வளைச்சுத்தான் கொண்டு வருவாங்க. வண்டி நேரா போகுது, டயர் ஓரம் தேயலன்னா வேணாம்னு சொல்லிட்டு வாங்க, நெசமாவே எங்கயாவது அடிபட்டு வளைஞ்சிருந்தா அந்தப் பார்ட்டை மாத்தறதுதான் வேலை.

8,000-லேருந்து 10,000 கிலோமீட்டருக்குள்ள டயரை மாத்திப் போடணும். முன் டயர்தான் இழுக்குது, திரும்புது, பிரேக்லயும் பெரும்பங்கு அதுக்குத்தான், அதனால அது வேகமா தேயும், கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவை ரெண்டு தடவை ஏறி எறங்குனா வெளி ஓரம் சிராய்ச்சிருக்கறது கண்ணுக்கே தெரியும். முன்னாடி இழுக்கற வண்டில முன் ரெண்டும் நேரா பின்னாடி போகும், பின் ரெண்டும் இடம் வலம் மாறி முன்னாடி வரும். அம்புக்குறி போட்ட டயர்னா பக்கம் மாறக் கூடாது, முன்னாடி பின்னாடி மட்டும்.

பஞ்சர்

உள்ள டியூப் இல்லாத டியூப்லெஸ் டயர்ல ஆணி ஏறுனா புடுங்காதீங்க, அதே ஆணிதான் அப்போதைக்கு அடைப்பு. காத்து அடிச்சுட்டு மெதுவா கடைக்குப் போங்க. ரோட்டுல படற நடுப்பகுதில, 6 மில்லிமீட்டருக்குள்ள ஓட்டைன்னா ஒட்டலாம். வெளியேருந்து பசை தடவுன நூலைக் குத்தி சொருகறது அவசரத்துக்கு, டயரைக் கழட்டி உள்பக்கத்துலேருந்து காளான் மாதிரி இருக்கற பேட்ச் போடறதுதான் நிரந்தரம். தோள்லயோ சுவர்லயோ ஓட்டைன்னா எந்த ஒட்டும் நிக்காது, போட்டுத் தரேன்னு சொல்ற கடைக்காரரை நம்பாதீங்க. அதே மாதிரி காத்தே இல்லாம ஒரு கிலோமீட்டர் உருட்டிட்டு வந்தீங்கன்னா, கழட்டும்போது உள்ள கருப்பா ரப்பர் பொடி கொட்டுதான்னு பாருங்க. கொட்டுச்சுன்னா சுவர் உள்ளுக்குள்ள அரைஞ்சு போச்சு, ஓட்டை சின்னதா இருந்தாலும் அந்த டயர் அவ்ளோதான்.

ரோட்டுல ஸ்டெப்னி மாட்டறது

ஸ்டெப்னிங்கற பேரு வேல்ஸ்ல லனெத்லிங்கற ஊர்ல இருக்கற ஸ்டெப்னி தெருவுலேருந்து வந்தது, 1904-ல அந்தத் தெருவுலதான் இந்த உபரி சக்கரத்தைச் செஞ்சு வித்தாங்க. கடை எப்பவோ போயிருச்சு, பேரை மட்டும் நாம விடல. உங்க வண்டில அது இருக்கான்னே முதல்ல டிக்கியைத் தொறந்து பாருங்க, ஏன்னா 2020-ல வந்த விதிப்படி டியூப்லெஸ் டயர், காத்து கம்மியானா சொல்ற சென்சார், ரிப்பேர் கிட் மூணும் இருந்தா கார்ல ஸ்டெப்னி கட்டாயமில்ல. சிலதுல ஒல்லியா ஒண்ணு வெச்சிருப்பாங்க, அதுல 80-க்கு மேல போகக் கூடாதுன்னு அதுலயே எழுதியிருக்கும்.

ஒரு ஞாயித்துக்கெழமை வீட்டு வாசல்லயே ஒருதரம் கழட்டி மாட்டிப் பழகுங்க, ராத்திரி ரோட்டுல முதல் தடவையா பண்ணாதீங்க. ரோடு சமமா, கெட்டியா இருக்கற எடத்துல வண்டியை நல்லா ஓரமா ஒதுக்கி, ஹசார்ட் லைட் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, முதல் கியர்ல போட்டு, எல்லாரையும் எறக்கி ரோட்டை விட்டுத் தள்ளி நிக்க வைங்க, முக்கோணத்தைப் பின்னாடி நல்ல தூரத்துல வைங்க, பஞ்சரான சக்கரத்துக்கு எதிர் மூலைல இருக்கற சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் குடுங்க. ஜாக்கி போடறதுக்கு முன்னாடியே நட்டை எல்லாம் கால் சுத்து தளர்த்திருங்க, தூக்குனதுக்கு அப்புறம் தளர்த்தப் பாத்தா சக்கரம் சுத்தும், வண்டி ஆடும். நட்டு வரலன்னா ஸ்பேனர் மேல ஏறி நின்னு அழுத்துங்க, குனிஞ்சு இழுத்தா இடுப்பு புடிச்சுக்கும். ஜாக்கி வைக்கறதுக்கு கதவுக்குக் கீழ ரெண்டு வெட்டு இருக்கற எடம் இருக்கும், அங்கதான் வைக்கணும், வேற எங்க வெச்சாலும் தகடு நசுங்கும். ஸ்டெப்னியை வண்டிக்கு அடியில படுக்கப் போட்டுட்டு தூக்குங்க, ஜாக்கி நழுவுனாலும் வண்டி அது மேல உக்காரும், உங்க கையி மேல உக்காராது. மாட்டுனதும் நட்டைக் கையாலயே முடிஞ்ச வரைக்கும் திருகி, வண்டியை எறக்கி, அப்புறம் குறுக்கு குறுக்கா முடுக்குங்க. அலாய்ல லாக் நட் இருந்தா அதோட சாவி டேஷ்போர்டு பெட்டிலயோ டூல் பையிலயோ இருக்கும், அதைத் தேடிக் கண்டுபுடிக்கறதுக்கும் அந்த ஞாயித்துக்கெழமையே நல்ல நாள்.

வண்டிங்க பக்கத்துல சர்ரு சர்ருனு போற எடமா இருந்தா டயரையே தொடாதீங்க, தேசிய நெடுஞ்சாலைன்னா 1033-க்கு போன் போட்டுட்டு தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போயி நில்லுங்க. மாட்டிட்டு வந்தா மறுநாளே பஞ்சரை ஒட்டி, ஒட்டுன டயரைத் திரும்ப எடத்துல மாட்டி, ஸ்டெப்னில காத்து பாத்து டிக்கில வைங்க. என் மச்சினன் வண்டியோட ஸ்டெப்னியை அன்னைக்கு அழுத்திப் பாத்தப்ப பெரு விரல் உள்ள போச்சு, அதுல மொத்தமே 9 பிஎஸ்ஐதான் இருந்துச்சு.